குவெரியில் டூப்ளிகேட் வருகிறது: டிஸ்டிங்க்ட், குரூப் பை, எக்ஸிஸ்ட்ஸ், ரோ நம்பர் – எங்கே எதைப் போடுவது?

நூறு ஆர்டர் வரவேண்டிய எஸ்க்யூஎல் குவெரியில் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையில்) இருநூற்று நாற்பது வரி வந்து நிற்கிறது. செலக்ட்டுக்குப் பக்கத்தில் டிஸ்டிங்க்ட் என்று ஒரு வார்த்தை சேர்த்ததும் நூறாகிவிடுகிறது, சரி, முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். கோட் ரிவ்யூவுக்குப் போனால் ஒருவர் “இதை எடுத்துட்டு எக்ஸிஸ்ட்ஸ் போடுங்க” என்கிறார், இன்னொருவர் “குரூப் பை போதுமே” என்கிறார், மூன்றாமவர் “டேட்டாவையே சரி பண்ணணும்” என்கிறார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஓர் இடத்தில் சரிதான். அதனால்தான் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் பலரும் முழிக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் ரிசல்ட்டில் ஒரு வரி எதற்காக நிற்கிறது, ஓர் ஆர்டருக்கா, ஆர்டரில் உள்ள ஒரு பொருளுக்கா, ஒரு வாடிக்கையாளருக்கா என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். அதைச் சொல்ல முடியாதவரை எதைப் போட்டாலும் குருட்டாம்போக்குதான்.

## முதலில், எங்கே பெருகுகிறது?

தேர்வுக்குப் போவதற்கு முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. எல்லா ஜாயினையும் (டேபிள்களை ஒரு பொது ஃபீல்டில் இணைக்கும் பகுதிகளை) எடுத்துவிட்டு முக்கிய டேபிளை மட்டும் வைத்து எண்ணிப் பாருங்கள், அப்புறம் ஜாயின்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து ஒவ்வொரு தடவையும் எண்ணுங்கள். எந்த ஜாயினில் எண்ணிக்கை குதிக்கிறதோ அங்கேதான் சங்கதி. அந்த டேபிளை மட்டும் தனியே எடுத்து, நீங்கள் ஜாயினுக்குப் பயன்படுத்திய ஃபீல்டின் மேல் குரூப் பை போட்டு (ஒரே மதிப்புள்ள வரிகளை ஒரு குழுவாக்கி), எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் உள்ளவற்றைக் குழுக்களை வடிகட்டும் ஹேவிங் வைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். ஓர் ஆர்டருக்குப் பல பொருள், பல பணவரவு என்று உறவே ஒன்றுக்குப் பலவாக இருப்பதால் ஜாயின் பெருக்குவது முதல் வகை. இங்கே டேட்டாவில் தப்பே இல்லை, வந்த ஒவ்வொரு வரியும் நியாயமான வரி. டேபிளிலேயே ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருப்பது இரண்டாவது வகை. மூன்றாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் டேட்டாபேஸுக்கு வெவ்வேறாகத் தெரியும் மதிப்புகள்: பெயருக்குப் பின்னால் ஒட்டிய இடைவெளி, நேரத்தில் மில்லிசெகண்ட் வித்தியாசம், இந்த மாதிரி.

நான்காவதுதான் ஆபத்தானது: ஜாயின் நிபந்தனையில் பாதி விட்டுப்போவது. கிளைக்குக் கிளை பில் நம்பர் 1-லிருந்து தொடங்கும் கடை என்று வையுங்கள். பில்லை அடையாளம் காட்டக் கிளைக் குறியீடும் பில் நம்பரும் சேர்ந்தே வேண்டும். ஜாயினின் ஆன் (ON) நிபந்தனையில் பில் நம்பரை மட்டும் போட்டால் அண்ணா நகர் கிளையின் பில்லுக்குத் தாம்பரம் கிளையின் பொருட்களும் வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்குக் கீழே சொல்லப்போகும் எதுவும் மருந்தல்ல. டிஸ்டிங்க்ட் போட்டால் வரிகள் குறையலாம், ஆனால் மிஞ்சுகிற வரிகளில் அடுத்த கிளையின் சரக்கு இருக்கும். ஆன் நிபந்தனையைத் திருத்துவது மட்டுமே வழி.

## எதை வைத்து எடைபோடுவது

மற்ற மூன்று வகைக்கும் தேர்வு வேண்டும். நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை, முக்கியத்துவ வரிசையில்:

- கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் சரியாக வருமா? திரையில் வரி குறைவது வேறு, கணக்கு சரியாவது வேறு.
- எந்தத் தகவல் தொலைகிறது, தொலைவதை நான் தீர்மானித்தேனா, அல்லது டேட்டாபேஸ் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்ததா?
- நாளை யாராவது இன்னொரு ஃபீல்டையோ ஜாயினையோ சேர்த்தால் இது உடையுமா? உடைந்தால் சத்தமாக உடையுமா, சத்தமில்லாமலா?
- டேபிள் பெரிதானால் செலவு எங்கே ஏறும்?
- உங்கள் டேட்டாபேஸின் பதிப்பில் அது இருக்கிறதா?

வேகத்தை நான்காவதாக வைத்தது வேண்டுமென்றேதான். மெதுவான குவெரியை யாராவது புகார் செய்வார்கள். தப்பான தொகை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும்.

## ஒரு சின்ன உதாரணம்

ஆர்டர் 101-இல் மூன்று பொருள்: அரிசி 1200, பருப்பு 300, எண்ணெய் 500. மொத்தம் 2000 ரூபாய். வாடிக்கையாளர் இரண்டு தவணையாகக் கொடுத்தார்: யுபிஐயில் 1000, ரொக்கமாக 1000. ஆர்டர், பொருள், பணவரவு மூன்று டேபிளையும் ஆர்டர் நம்பரில் ஜாயின் செய்தால் வருவது இது:

| ஆர்டர் | பொருள் | விலை | வழி | வந்த தொகை |
|---|---|---|---|---|
| 101 | அரிசி | 1200 | யுபிஐ | 1000 |
| 101 | அரிசி | 1200 | ரொக்கம் | 1000 |
| 101 | பருப்பு | 300 | யுபிஐ | 1000 |
| 101 | பருப்பு | 300 | ரொக்கம் | 1000 |
| 101 | எண்ணெய் | 500 | யுபிஐ | 1000 |
| 101 | எண்ணெய் | 500 | ரொக்கம் | 1000 |

மூன்றும் இரண்டும் பெருக்கி ஆறு. பொருளுக்கும் பணவரவுக்கும் நடுவில் நேரடி உறவே இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்ந்துவிட்டது. விலையைக் கூட்டினால் 4000, பணத்தைக் கூட்டினால் 6000. இனி ஒவ்வொரு தேர்வையும் இந்த ஆறு வரிகளின் மேல் ஓட்டிப் பார்ப்போம்.

## டிஸ்டிங்க்ட்

எல்லாரும் முதலில் கைவைப்பது இதில்தான் என்பதால் கொஞ்சம் நேரம் எடுத்தே பார்க்கலாம்.

டிஸ்டிங்க்ட் செலக்ட்டில் உள்ள எல்லா ஃபீல்டையும் சேர்த்து, முழு வரியும் அச்சுஅசலாக ஒன்றாக இருந்தால் மட்டும் ஒன்றாக்கும். முதல் ஃபீல்டைச் சுற்றி அடைப்புக்குறி போட்டால் அந்த ஒரு ஃபீல்டுக்கு மட்டும் வேலை செய்யும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அடைப்புக்குறிக்கு ஒரு பொருளும் இல்லை, டேட்டாபேஸ் அதைச் சாதாரண அடைப்புக்குறியாகத்தான் படிக்கும். மேலே உள்ள ஆறு வரிக்கும் டிஸ்டிங்க்ட் போட்டுப் பாருங்கள், ஆறும் அப்படியே இருக்கும், ஏனென்றால் ஆறும் வெவ்வேறு.

பொருளையும் வழியையும் எடுத்துவிட்டு ஆர்டர் நம்பரையும் வந்த தொகையையும் மட்டும் டிஸ்டிங்க்ட்டாக எடுத்தால்? ஒரே வரி, 1000. இரண்டு தவணையும் ஒரே தொகை என்பதால் ஒரு தவணை காணாமல் போய்விட்டது. தொகையைக் கூட்டும் சம்முக்குள் (SUM) டிஸ்டிங்க்ட் போட்டாலும் இதே கதிதான்: 6000 என்ற தப்பான விடை 1000 என்ற தப்பான விடையாக மாறும், உண்மை 2000. இதைவிட விஷமம் என்னவென்றால், விலைப் பக்கம் அதே தந்திரம் சரியான விடை தந்துவிடும். 1200, 300, 500 மூன்றும் வேறு வேறு தொகை, அதனால் கூட்டினால் 2000. டெஸ்ட் டேட்டாவில் இப்படி அமைந்துவிட்டால் டெஸ்ட் பாஸாகி, குவெரி புரொடக்ஷனுக்குப் போய், 300 ரூபாய்க்கு இரண்டு பொருள் வாங்கிய முதல் ஆளின் பில்லில்தான் உடையும். சம்முக்குள் டிஸ்டிங்க்ட்டைப் பார்த்தாலே அது பிழை என்று நான் எடுத்துக்கொள்வேன், இல்லை என்று நிரூபிக்கிற வரைக்கும்.

மறைமுகச் செலவுகள்: எல்லா ஃபீல்டையும் வைத்து ஸார்ட்டோ ஹாஷோ செய்யவேண்டும், வரி அகலமாக இருந்து நினைவகம் போதாவிட்டால் டிஸ்க்குக்கு வழியும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஜேசன் (JSON) வகை ஃபீல்ட் செலக்ட்டில் இருந்தால் டிஸ்டிங்க்ட் எர்ரர் அடிக்கும், அந்த வகைக்குச் சமமா என்று பார்க்கும் வசதியே கிடையாது (ஜேசன்பி என்றால் ஓடும்). எஸ்க்யூஎல் சர்வரில் எக்ஸ்எம்எல் ஃபீல்டுக்கும் இதே கதை. செலக்ட்டில் இல்லாத ஃபீல்டை வைத்து ஆர்டர் பை செய்யவும் போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூஎல் சர்வரும் விடாது. ஆனால் இதெல்லாம் சத்தமாக உடைபவை, பரவாயில்லை. பெரிய செலவு வேறு: இன்று ஒரு ஜாயினின் பெருக்கத்தை மறைக்கப் போட்ட டிஸ்டிங்க்ட், நாளை வேறொருவர் தப்பாகச் சேர்க்கும் ஜாயினையும் சேர்த்து மறைத்துவிடும். ஓட்டை வாளியின் கீழே பாத்திரம் வைத்த மாதிரி, தரை நனையாததால் ஓட்டை எவ்வளவு பெரிதாகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இருந்தாலும் டிஸ்டிங்க்ட்டைத் தீண்டத்தகாததாக ஆக்குகிறவர்கள் பக்கமும் நான் இல்லை. கேள்வியே “என்னென்ன மதிப்புகள் இருக்கின்றன” என்பதாக இருந்தால் அதுதான் சரியான விடை. எந்தெந்த ஊர்களிலிருந்து ஆர்டர் வந்தது, டிராப்டவுனில் காட்ட என்னென்ன வகைகள், இந்த மாதம் எத்தனை வேறு வேறு வாடிக்கையாளர்கள் வாங்கினார்கள் – இங்கெல்லாம் தயங்காமல் போடுங்கள். வாடிக்கையாளர் ஐடியை டிஸ்டிங்க்ட்டாக எண்ணுவது சரி, ஐடி ஒரு ஆளைக் குறிக்கிறது. தொகையை டிஸ்டிங்க்ட்டாகக் கூட்டுவது தப்பு, 1000 என்பது எந்தத் தவணையையும் குறிக்காது.

## குரூப் பை

வெறும் இரட்டைகளை ஒன்றாக்க மட்டும் என்றால் டிஸ்டிங்க்ட்டும் குரூப் பையும் ஒரே விடைதான், பல டேட்டாபேஸ்களில் எக்ஸிக்யூஷன் பிளானும் கிட்டத்தட்ட ஒன்றுதான். “குரூப் பை வேகம்” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு மாற்றுவதில் பயனில்லை. எண்ணவோ கூட்டவோ போகிறீர்கள் என்றால் குரூப் பை, இல்லையென்றால் படிக்கிறவருக்கு நோக்கம் தெரிகிற மாதிரி டிஸ்டிங்க்ட்.

குரூப் பையின் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு முன்னால் குரூப் பையில் இல்லாத ஃபீல்டையும் செலக்ட்டில் போட விட்டுவிடும், எந்த வரியின் மதிப்பு வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. 5.7-இல் அப்படிப்பட்ட ஃபீல்டை மறுக்கும் கண்டிப்பான முறை (ONLY_FULL_GROUP_BY) இயல்பாகவே வந்தது, பழைய குவெரிகள் எர்ரர் அடித்தன. நிறைய இடங்களில் குவெரியைத் திருத்தாமல் செட்டிங்கைத் தளர்த்தி ஓட்டினார்கள், அந்த சர்வர்கள் இன்றும் இருக்கின்றன. பழைய மைஎஸ்க்யூஎல் புராஜெக்ட் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் அந்த முறை இயங்குகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

கண்டிப்பான முறையிலும் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்: எர்ரர் வரும் ஃபீல்டுகளை எல்லாம் மிகப் பெரிய மதிப்பை எடுக்கும் மேக்ஸுக்குள் (MAX) போட்டுவிடுவது. ஓர் ஆர்டரின் நிலை முதலில் “ரத்து” என்று பதிவாகி, இரண்டு நாள் கழித்து “அனுப்பியது” என்று மாறியிருக்கிறது. நிலைக்கும் தேதிக்கும் தனித்தனியாக மேக்ஸ் போட்டால், தேதி கடைசி வரியிலிருந்து வரும், நிலையோ அகரவரிசையில் பின்னால் வருவதால் “ரத்து” என்று வரும். டேபிளில் எங்குமே இல்லாத ஒரு வரியை நீங்களே உருவாக்கிவிட்டீர்கள். மேக்ஸ் ஒரு ஃபீல்டுக்கான பதில். கடைசியாக நடந்தது எது என்று முழு வரி வேண்டுமென்றால் கீழே உள்ள ரோ நம்பரைப் பாருங்கள்.

நம் உதாரணத்தில் ஆறு வரியை ஆர்டர் நம்பரில் குரூப் செய்து கூட்டினால் அதே 4000, அதே 6000. பெருகிய பிறகு குரூப் செய்து பயனில்லை.

## எக்ஸிஸ்ட்ஸ்

நீங்கள் ஜாயின் செய்த டேபிளிலிருந்து ஒரு ஃபீல்டையும் செலக்ட்டில் எடுக்கவில்லையா? வடிகட்ட மட்டும்தான் அந்த ஜாயினா? அப்படியானால் அது ஜாயினே இல்லை, “உண்டா இல்லையா” என்ற கேள்வி. யுபிஐயில் பணம் கட்டிய ஆர்டர்கள் எவை என்பதற்குப் பணவரவு டேபிளை ஜாயின் செய்தால் யுபிஐயில் மூன்று தடவை கட்டிய ஆர்டர் மூன்று தடவை வரும். எக்ஸிஸ்ட்ஸ் போட்டால் முதல் பொருத்தம் கிடைத்ததும் போதும் என்று டேட்டாபேஸ் அடுத்த ஆர்டருக்குப் போய்விடும். பெருகவே இல்லை, அதனால் ஒன்றாக்க வேண்டிய வேலையும் இல்லை.

அனுபவத்தில் சொல்கிறேன், அலுவலகங்களில் நான் பார்த்த தேவையில்லாத டிஸ்டிங்க்ட்களில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்தில் போய்விடக்கூடியவை. நாளைக்கு யாராவது இன்னொரு ஃபீல்ட் சேர்த்தாலும் இது பெருகாது, அதுதான் இதன் பெரிய பலம்.

எக்ஸிஸ்ட்ஸுக்குப் பதில் இன் (IN) போட்டாலும் பெரும்பாலும் இதே விடை. மறுப்பில் மட்டும் கவனம்: நாட் இன் (NOT IN) பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் (NULL, மதிப்பே பதிவாகாத இடம்) இருந்தாலும் ரிசல்ட் முழுக்கக் காலியாகிவிடும். நாட் எக்ஸிஸ்ட்ஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அப்புறம் தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்: மைஎஸ்க்யூஎல் இன்னோடிபி, ஃபாரின் கீ ஃபீல்டுக்குத் (வேறொரு டேபிளின் வரியைக் குறிக்கும் ஃபீல்டுக்கு) தானே இன்டெக்ஸ் போட்டுவிடும், போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூஎல் சர்வரும் ஆரக்கிளும் போடாது, நீங்கள்தான் போடவேண்டும். எக்ஸிஸ்ட்ஸ் மெதுவாக ஓடுகிறது என்ற புகார் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

## முன்கூட்டியே கூட்டிவிட்டு ஜாயின் செய்வது

நம் ஆர்டர் 101-க்குச் சரியான மருந்து இதுதான். பணவரவு டேபிளை ஆர்டர் நம்பரில் குரூப் செய்து கூட்டி, ஆர்டருக்கு ஒரு வரியாக ஒரு துணைக் குவெரி. பொருட்களுக்கும் அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஆர்டர் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் (பொருத்தம் இல்லாத ஆர்டரும் விடுபடாது). ஒவ்வொரு பக்கமும் ஆர்டருக்கு ஒரே வரிதான் என்பதால் பெருக்க வழியே இல்லை: பொருள் 2000, பணம் 2000, பாக்கி பூஜ்யம். பணமே வராத ஆர்டருக்கு நல் வரும், அதைப் பூஜ்யமாக்க கோயலெஸ் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பாக்கியும் நல் (NULL) ஆகி அந்த ஆர்டர் நிலுவைப் பட்டியலிலிருந்தே நழுவிவிடும்.

செலவு என்று பார்த்தால் குவெரி நீளும், படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வித் (WITH) போட்டு ஒவ்வொரு துணைக் குவெரிக்கும் பெயர் வைத்தால் அது பாதி தீரும். ஆனால் போஸ்ட்கிரெஸ் 12-க்கு முந்தைய பதிப்பில் வித் பகுதி தனியாகவே ஓடும், வெளிக்குவெரியின் நிபந்தனை அதற்குள் போகாது, வெளியே ஒரே ஓர் ஆர்டரைக் கேட்டாலும் உள்ளே எல்லா ஆர்டரையும் கூட்டிக்கொண்டிருக்கும். 2019-இல் வந்த 12-இலிருந்து ஒரே தடவை பயன்படும் வித் பகுதியை வெளிக்குவெரியோடு சேர்த்தே யோசிக்கிறது. ஒன்றிரண்டு ஆர்டருக்கு மட்டும் என்றால் லாட்டரல் ஜாயின் (வெளி வரி ஒவ்வொன்றுக்கும் துணைக் குவெரியை ஓட்டுவது) இன்னும் பொருத்தம், எஸ்க்யூஎல் சர்வரில் அதே வேலையைச் செய்வது அப்ளை.

ரிப்போர்ட், பாக்கிக் கணக்கு, டாஷ்போர்டு – பணத்தொகை எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் என் முதல் தேர்வு இதுதான்.

## ரோ நம்பர்

“ஒவ்வோர் ஆர்டருக்கும் கடைசி நிலை மட்டும்”, “ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சமீபத்திய முகவரி” – பலவற்றில் ஒன்றை முழு வரியாக எடுக்கவேண்டிய இடம் இது. ஆர்டர் நம்பரில் பார்ட்டிஷன் செய்து (ஆர்டர்வாரியாகப் பிரித்து), தேதியை இறங்குவரிசையில் வைத்து எண் கொடுத்து, வெளியே எண் 1 உள்ளவற்றை மட்டும் எடுக்கவேண்டும். எதை வைத்துக்கொள்கிறேன், எதை விடுகிறேன் என்பதை நீங்களே எழுத்தில் சொல்லிவிடுகிறீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை, ஒரே தேதியில் இரண்டு வரி இருந்தால் எது முதலாவது என்பதை டேட்டாபேஸ் தன் வசதிப்படி முடிவு செய்யும், இன்று ஒன்று வரும், நாளை இன்னொன்று வரும். ஆர்டர் பையின் கடைசியில் ஐடியையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ரோ நம்பருக்குப் பதில் ரேங்க் போட்டால் சமமாக உள்ள இரண்டுக்கும் 1 கிடைத்து, எதைத் துரத்தினோமோ அந்த டூப்ளிகேட் திரும்ப வந்துவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் 2005 பதிப்பிலிருந்தும், போஸ்ட்கிரெஸில் 8.4-இலிருந்தும் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் 8.0-இல்தான் வந்தது, எஸ்க்யூலைட்டில் 3.25-இல், இரண்டும் 2018. போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு டிஸ்டிங்க்ட் ஆன் என்ற குறுக்குவழி உண்டு, ஆர்டர் பை அதே ஃபீல்டுகளில் தொடங்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. எழுதச் சின்னது, ஆனால் வேறு டேட்டாபேஸுக்கு மாற நேர்ந்தால் அப்படியே ஓடாது.

## டேட்டாவைச் சரிசெய்து யூனிக் போடுவது

டேபிளிலேயே இரட்டை இருந்தால் குவெரியில் என்ன செய்தாலும் ஒட்டுதான். அந்த ஒட்டை அந்த டேபிளைத் தொடும் ஒவ்வொரு குவெரியிலும் போடவேண்டியிருக்கும், ஒன்றில் மறந்தால் போச்சு.

வேலை அதிகம் என்பதை மறைக்கவேண்டாம். எந்தப் பதிவு நிலைக்கும் என்று முடிவு செய்யவேண்டும் (இது பெரும்பாலும் உங்கள் முடிவல்ல, அந்த டேட்டாவுக்குச் சொந்தக்காரரான பிரிவின் முடிவு), அழியப்போகும் ஐடியைக் குறிக்கும் மற்ற டேபிள்களை நிலைக்கும் ஐடிக்கு மாற்றவேண்டும், அப்புறம்தான் அழிக்கவேண்டும். அழித்த கையோடு யூனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டாம் தடவை நுழையாமல் தடுப்பது) போடாவிட்டால் அடுத்த வாரம் பழையபடி ஆகிவிடும். “இன்சர்ட்டுக்கு முன்னால் இருக்கிறதா என்று கோடிலேயே பார்த்துவிடுகிறோமே” என்பது போதாது. சேமி பட்டனை ஒருவர் இரண்டு தடவை தட்டினால் இரண்டு ரிக்வெஸ்ட்டும் ஒரே நொடியில் பார்த்து, இரண்டுமே “இல்லை” என்று கண்டு, இரண்டுமே சேர்த்துவிடும். யூனிக் இருந்தால் இரண்டாவது தோற்கும், போஸ்ட்கிரெஸ் 9.5-இலிருந்து ஆன் கான்ஃபிளிக்ட் வைத்து அதைச் சத்தமில்லாமல் கையாளலாம்.

யூனிக்கிலும் ஓட்டைகள் உண்டு. போஸ்ட்கிரெஸில் நல்கள் ஒன்றுக்கொன்று சமமல்ல, அதனால் மொபைல் எண் காலியாக உள்ள எத்தனை வரி வேண்டுமானாலும் நுழையும். 15-ஆம் பதிப்பிலிருந்து நல்களையும் சமமாகக் கருதச் சொல்லலாம். எஸ்க்யூஎல் சர்வரில் இதற்கு நேர்மாறு, ஒற்றை ஃபீல்டின் மேல் யூனிக் இருந்தால் ஒரே ஒரு நல்லுக்குத்தான் இடம். அழிக்காமல் “அழித்தது” என்று குறிமட்டும் வைக்கும் டேபிள்களில் உயிரோடு உள்ள வரிகளுக்கு மட்டும் யூனிக் போடும் பகுதி இன்டெக்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் அழிக்கப்பட்ட ஆளை மறுபடி பதிவுசெய்ய முடியாது.

தமிழில் பெயரோ ஊரோ சேமிக்கிறவர்களுக்கு ஒரு தனி விஷயம். “கொடைக்கானல்” என்பதில் ககரத்தோடு சேரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சுஅசலாக ஒன்று. பைட் பைட்டாக ஒப்பிடும் டேட்டாபேஸுக்கு இரண்டு ஊர். டிஸ்டிங்க்ட்டும் யூனிக்கும் இரண்டையும் தனித்தனியாக விட்டுவிடும். சேமிக்கும்போதே என்எஃப்சி (NFC) முறைக்கு நார்மலைஸ் செய்துவிட்டால் (எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்) இது தீரும், போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து அதற்கு ஃபங்ஷனே இருக்கிறது. ஆனால் ஔவையை ஔகாரத்தில் எழுதாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டியிருந்தால் நார்மலைசேஷன் காப்பாற்றாது, அது யூனிகோடுக்கு வேறு எழுத்துகள். அதற்குத் தனியாக ஒரு மாற்று விதி எழுதத்தான் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | எப்போது | ஆர்டர் 101-இன் பணம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| டிஸ்டிங்க்ட் | மதிப்புகளின் பட்டியல் மட்டும் வேண்டும் | 1000 (தப்பு) | பின்னால் வரும் பிழைகளையும் மறைக்கும் |
| குரூப் பை | எண்ணவும் கூட்டவும், பெருகாத டேபிளில் | 6000 (பெருகிய பிறகு போட்டால்) | மேக்ஸ் தந்திரத்தில் பொய் வரி |
| எக்ஸிஸ்ட்ஸ் | வடிகட்ட மட்டும் | தொகை காட்ட முடியாது | இன்டெக்ஸ் இல்லாவிட்டால் மெதுவு |
| முன்கூட்டிக் கூட்டல் | தொகைகள், பல கிளை உறவுகள் | 2000 | நீளமான குவெரி |
| ரோ நம்பர் | பலவற்றில் ஒரு முழு வரி | கடைசித் தவணை மட்டும் | சமநிலையில் நிலையற்ற விடை |
| யூனிக் | டேபிளிலேயே இரட்டை | பொருந்தாது | சுத்தம் செய்யும் வேலை, நல் விதிகள் |

## இந்த வரிசைக்குள் அடங்காதவை

இரண்டு குவெரியின் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கும் யூனியன் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் தேவை யூனியன் ஆல்தான், யூனியன் தானாகவே டூப்ளிகேட்டை நீக்கும், அதற்கான செலவையும் எடுக்கும். இரண்டு பகுதியும் ஒன்றோடொன்று மோதாது என்று தெரிந்தால் ஆல் போடுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் முதல் பக்கத்தின் வரி திரும்ப வருகிறது என்றால் அது டூப்ளிகேட் பிரச்சினையே அல்ல. ஆர்டர் பை தனித்துவமாக இல்லை, அல்லது நடுவில் புது வரி சேர்ந்து எல்லாம் ஒரு படி கீழே நகர்ந்துவிட்டது. வரிசையின் கடைசியில் ஐடியைச் சேர்த்து, “இத்தனை வரியைத் தாண்டு” என்னும் ஆஃப்செட்டுக்குப் பதில் “கடைசியாகப் பார்த்த ஐடிக்குப் பிறகு” என்று கேளுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் நோலாக் (பூட்டுக்குக் காத்திராமல் படிக்கும் குறிப்பு) போட்ட குவெரி ஒரே வரியை எப்போதாவது இரண்டு தடவை படிக்கும், படித்துக்கொண்டிருக்கும்போதே வரி இடம் மாறிவிடுவதால். திரும்ப ஓட்டினால் மாயமாகிவிடும் டூப்ளிகேட் என்றால் அங்கே சந்தேகப்படுங்கள்.

ஓஆர்எம் (கோடிலிருந்து எஸ்க்யூஎல்லைத் தானே எழுதித்தரும் நூலகம்) பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே தேர்வுகள்தான், முகம் மட்டும் வேறு. பைத்தானின் ஜாங்கோவில் பல உறவுள்ள டேபிளின் மேல் ஃபில்டர் போட்டால் ஒரே ஆப்ஜெக்ட் பல தடவை வரும். டிஸ்டிங்க்ட் சேர்க்கலாம், ஆனால் அந்த உறவின் ஃபீல்டிலேயே ஆர்டர் பையும் இருந்தால் அது செலக்ட்டுக்குள் சேர்ந்துகொண்டு டிஸ்டிங்க்ட்டைச் செல்லாமல் ஆக்கிவிடும். 3.0-இலிருந்து எக்ஸிஸ்ட்ஸை நேராக ஃபில்டருக்குள் போடலாம், அதையே பழக்கிக்கொள்ளுங்கள். ஜாவாவின் ஹைபர்னேட் 6, ஜாயின் ஃபெட்சில் (உறவுள்ள டேபிளையும் சேர்த்தே எடுப்பதில்) வரும் இரட்டைத் தாய் ஆப்ஜெக்ட்களைத் தானே நீக்கிவிடுகிறது, ஆனால் பக்கம் பிரிக்கவும் சொன்னால் மொத்த ரிசல்ட்டையும் நினைவகத்துக்கு இழுத்து அங்கே பிரிக்கும், லாகில் ஒரு எச்சரிக்கை வரும், யாரும் படிப்பதில்லை.

## பழைய குவெரியிலிருந்து டிஸ்டிங்க்ட்டை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு. இரண்டு வடிவத்தையும் எழுதி எக்செப்ட்டில் (ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரிகளைத் தருவது) போட்டு, வித்தியாசம் பூஜ்யம் என்று வந்ததும் மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்: எக்செப்ட் தானே டூப்ளிகேட்டை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிடும், புது வடிவத்தில் ஒவ்வொரு வரியும் நான்கு தடவை வந்தாலும் “வித்தியாசம் இல்லை” என்றே சொல்லும். இரண்டின் மொத்த வரி எண்ணிக்கையையும் முதலில் ஒப்பிடுங்கள், அப்புறம் எக்செப்ட் ஆல் போட்டு இரண்டு திசையிலும் பாருங்கள். போஸ்ட்கிரெஸிலும், மைஎஸ்க்யூஎல் 8.0.31-இலிருந்தும் அது உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் கிடையாது, அங்கே இரண்டு ரிசல்ட்டையும் எல்லா ஃபீல்டின் மேலும் குரூப் செய்து, எண்ணிக்கையையும் ஒரு ஃபீல்டாகச் சேர்த்து, அதற்குப் பிறகு எக்செப்ட் போடவேண்டும்.